கேள்வி மரமும் மெல்லக் கற்போர் பாயும்

குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தருவது எப்படி என்று கற்றுக்கொள்ள, முதலில் குழந்தைகளை விட்டுவிட்டு ஓர் இரவு முழுக்கப் பேருந்தில் போக வேண்டும். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷமே இந்த ஞானம் எனக்குக் கிடைத்துவிட்டது. சிலருக்கு ஓய்வு பெறும் வரை கிடைப்பதில்லை.

நான் தஞ்சாவூர்க்காரி. வேலை போட்டுக் கொடுத்தது ஓசூரைத் தாண்டி, கர்நாடகம் கண்ணில் படுகிற தூரத்தில் உள்ள ஒரு சின்ன ஊரில். அங்கே வீடுகளில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். 'வகுப்பறையில் தமிழில் மட்டுமே பேசவும்' என்று எங்கள் தலைமையாசிரியர் நீலச் சாயத்தில் சுவரில் எழுதி வைத்திருக்கிறார். என் இரண்டாம் வகுப்பில் இந்த விதியை மிக ஒழுங்காகக் கடைப்பிடிப்பவள் நாகவேணி. அவளுக்குத் தமிழ் வராது; எனவே அவள் பேசுவதே இல்லை.

ஜூன் மாதத்திலிருந்து ஒரு சொல் இல்லை. மடியில் கையை வைத்து, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மணி அடித்து, வாசலுக்கு வெளியே ஒரு கால் வைத்ததும் தெரு முழுக்கக் கேட்கும்படி தெலுங்கில் பொழிந்துகொண்டு போவாள். அவளுடைய அப்பாவுக்கு ரோஜாத் தோட்டத்தில் வேலை. என்னிடம் பொறுமையாகத்தான் சொன்னார்: "பொங்கல் வரைக்கும் பாக்கறேன் டீச்சர். அப்புறம் தம்பியைப் பாத்துக்கட்டும்னு வீட்ல நிறுத்திடுவேன். சும்மா உக்காந்திருக்கிறதுக்கு எதுக்கு இம்மாந்தூரம் நடந்து வரணும்?" அவருக்குப் பதில் சொல்ல எந்தப் பாடநூலிலும் எனக்கு ஒரு வரி அகப்படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் ஐந்து நாள் பயிற்சி, எல்லா மாவட்டத்திலிருந்தும் ஆசிரியர்கள் வரலாம், நிபுணர்கள் பேசுவார்கள் என்று சுற்றறிக்கை வந்தது. நானே போய்ப் பெயர் கொடுத்தேன். தலைமையாசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பயிற்சிக்குத் தானாக வலிய வந்து பெயர் கொடுத்த ஆளை அவர் தம் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. வீட்டில் வேறு மொழி பேசுகிற குழந்தையை வகுப்பில் வாய் திறக்க வைப்பது எப்படி? இத்தனை நிபுணர்களில் ஒருவருக்காவது தெரியாமலா போகும் என்று நம்பிக் கிளம்பினேன். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது.

மறுநாள் காலையில் மதுரை சிம்மக்கல்லில் ஒரு கையேந்தி பவனில் இட்லி. மதுரையில் இட்லி என்பது சட்னிகளுக்கு ஒரு சாக்கு. வெள்ளை, சிவப்பு, பச்சை என்று இலையில் ஒரு வட்டம் ஊற்றி, நடுவில் மிச்சமிருக்கிற இடத்தில் இட்லி வைக்கிறார்கள். நான் இரண்டோடு இலையை மடித்தேன். கடைக்கார அம்மாள் மடித்த இலையைத் திறந்து, "என்னத்தா, கோவமா?" என்றார்.

"இல்லம்மா, போதும்."

"ரெண்டு இட்லிக்குப் போதும்கிற. எந்த ஊரு நீ?"

தஞ்சாவூர் என்றேன். அவர் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம், "பாவம், வடிச்ச சோத்துலயே வளந்த புள்ள" என்று என் சார்பில் விளக்கம் கொடுத்துவிட்டு இன்னும் இரண்டு வைத்தார். எங்கள் ஊரில் விருந்தாளியை மூன்று முறை கேட்டு வற்புறுத்துவார்கள். இங்கே கேட்பதே இல்லை.

பயிற்சி நடந்த பள்ளி ஆனையூரில். டவுன் பஸ் வைகையைத் தாண்டியது. தாண்டியது என்பது பாலத்துக்கு மரியாதை கொடுத்துச் சொல்வது. எங்கள் பக்கம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை என்றால் ஊரே துக்கம் விசாரிக்கும். இங்கே ஆற்றுக்குள் வேட்டி காய்கிறது, மாடு மேய்கிறது, இரண்டு இடத்தில் கிரிக்கெட் ஆட்டம். ஆறு இல்லாததை இவ்வளவு நன்றாகப் பயன்படுத்துகிற ஊரை நான் பார்த்ததில்லை.

முதல் நாள் காலை முழுவதும் அறிமுகம். ஆளுக்கு ஒரு பை, ஒரு குறிப்பேடு, எழுதாத பேனா ஒன்று கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் தம் பெயரின் முதல் எழுத்தில் தொடங்கும் ஒரு நல்ல குணத்தோடு தம்மைச் சொல்லிக்கொள்ள வேண்டும். நான் 'மகிழ்ச்சியான மலர்விழி' ஆனேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கொட்டாவி விட்டபடி எழுந்தார். நாற்பதை ஒட்டிய வயது, செல்லூரில் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியை. "சும்மா இருக்கும் சுபத்ரா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் கணமே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

முதன்மைக் கருத்தாளர், அதாவது ஆசிரியர்களுக்கே பாடம் எடுப்பவர், செல்வநாயகம் சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தூய வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில். விரிவுரை முறை ஒழிய வேண்டும் என்று மாலைத் தேநீர் வரைக்கும் விரிவுரை ஆற்றினார். பிறகு எல்லோரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். "குழந்தைகளை, கமா, எழுதிக்கொள்ளும் இயந்திரமாக, கமா, நடத்தக் கூடாது. முற்றுப்புள்ளி." நாங்கள் எழுதிக்கொண்டோம். என் பேனா எழுதவில்லை. பயிற்சியின் நோக்கத்தைச் சரியாகப் புரிந்துகொண்டது அது ஒன்றுதான்.

நான் கையைத் தூக்கி என் கேள்வியைக் கேட்டேன். "அருமையான கேள்வி" என்றார். எனக்காக அரங்கம் முழுக்க மழைக் கைதட்டல் தட்டியது. மழைக் கைதட்டல் என்றால் முதலில் ஒரு விரலால் தட்டி, இரண்டு விரல், மூன்று விரல் என்று கூட்டி, கடைசியில் முழுக் கையால் கொட்டுவது. மழை ஓய்ந்ததும் சார் சுவரைக் காட்டினார். அங்கே சார்ட்டில் ஒரு மரம் வரைந்திருந்தது. அதுதான் கேள்வி மரம். பச்சைத் தாளில் வெட்டிய இலையில் நம் கேள்வியை எழுதி அதில் ஒட்டிவிட வேண்டும்.

"எல்லாத்துக்கும் கடைசி நாள்ல பதில் வரும்மா" என்றார்.

ஒட்டினேன். நாகவேணி மரமேறினாள்.

இரண்டாம் நாள். குழு விவாதம். எங்கள் குழுவின் பெயர் தாமரை. பெயர் முடிவானதே பதினோரு மணிக்கு. ரோஜா கேட்ட இரண்டு பேர் கோபத்தில் பேசவில்லை. 'தாய்மொழி வழியில் சிந்தித்தல்' என்று தலைப்பு வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. மறுபடியும் எழுந்து, கடைசி நாள் வரை காத்திருக்காமல் இப்போதே இதைப் பேசலாமா என்றேன்.

செல்வநாயகம் சாருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "தமிழ்நாட்ல தாய்மொழி தமிழ்தானம்மா. இதுல என்ன சிக்கல்? பார்டர்ல ஒண்ணு ரெண்டு ஊரு இருக்கும். அதை விடுங்க. நம்ம மதுரையில அந்தப் பிரச்சினையே கிடையாது. சங்கம் வச்ச ஊரும்மா."

அவர் இதைச் சொன்னது மூன்றாம் வரிசையைப் பார்த்து. அந்த வரிசையில் செல்லூர்ப் பக்கத்து ஆசிரியைகள் நாலைந்து பேர். காலைத் தேநீரின்போது அவர்கள் சௌராஷ்டிர மொழியில் போட்ட அரட்டையில்தான் சார் தம் டம்ளரைப் பிடித்தபடி நடுவில் நின்றிருந்தார். சுபத்ரா என் காதருகில் குனிந்தார்.

"அப்ப எங்க வீட்ல நாங்க இத்தனை வருசமா என்னத்தப் பேசிக்கிட்டு இருக்கோம்? கோழி பாஷையா?"

அன்று மாலை திரும்பும் வழியில் சுபத்ரா என்னையும் தம்மோடு செல்லூரில் பஸ்ஸை விட்டு இறக்கினார். சந்துக்குள் இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் நல்லவராக இருக்க வேண்டும். வீடுகளுக்குள்ளிருந்து விசைத்தறிச் சத்தம் காலடி மண்ணையே அதிரவைத்தது. ஒரு முக்கில் பெரிய எண்ணெய்ச் சட்டி, முள்ளுமுருங்கை வடை. கரும்பச்சையாக அப்பளம்போல் உப்பி வருவதன் தலையில் ஒரு காரப்பொடியைத் தூவித் தருகிறார்கள். சுபத்ரா வடைக்காரரிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொல்ல, அவர் என்னைப் பார்த்துச் சிரித்துப் பொடியைக் குறைத்தார். நான் மானஸ்தி. கூடப் போடச் சொன்னேன். பிறகு சற்று நேரம் என்னால் எந்த மொழியிலும் பேச முடியவில்லை.

அந்த இடைவெளியில் சுபத்ராதான் பேசினார். "ஒண்ணாப்புல சேத்தப்ப எனக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது மலரு. ஒண்ணுக்குப் போகணும்னு எப்பிடிக் கேக்குறதுன்னு தெரியல. தெனம் சாயங்காலம் வரைக்கும் அடக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"அப்புறம் எப்படிக்கா கேட்டீங்க?"

"எங்க கேட்டேன்? ஒரு நா அடக்க முடியல. டீச்சருக்குத் தானாப் புரிஞ்சுபோச்சு."

வடைக்காரருக்கு இந்தக் கதை தெரியும்போல, சிரிக்காமல் சட்டியைப் பார்த்துக்கொண்டார். நான் கேட்டேன், அப்படியானால் இவ்வளவு வருஷம் ஆசிரியையாக இருக்கிற உங்களுக்கு என் கேள்விக்கு விடை தெரிந்திருக்குமே என்று.

"தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு இங்க உக்காந்து ஒத்த விரல்ல மழை பெய்ய வச்சுக்கிட்டு இருக்கேன்?" என்றார். "என் கிளாஸ்ல தமிழ்ல பேசலைன்னா முட்டி போடச் சொல்லிருவேன். எனக்கு அப்பிடித்தான் சொல்லிக்குடுத்தாக."

மூன்றாம் நாள் சார்ட் சுருட்டோடு பஸ் ஏறினேன். தாமரைக் குழுவின் உழைப்பு முழுவதும் என் கையில். கூட்டத்தில் அது ஒருவர் காதைக் குடைந்தது, இன்னொருவர் கண்ணாடியைத் தட்டியது. நடத்துநர் அதைத் தடவிப் பார்த்தார்.

"இந்தக் குழாய்க்கு லக்கேஜ் போடணும் தாயி."

"வெறும் காகிதம்தாண்ணா."

"காகிதம்னா மடிச்சுப் பையில வையி."

"மடிக்கக் கூடாதுண்ணா."

"மடிக்கக் கூடாதுன்னா அது லக்கேஜ்."

கல்வித் துறையில் இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு எதையும் விளக்கியதில்லை. லக்கேஜ் சீட்டு வாங்கினேன்.

செல்லூரில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு காதுகுத்து ஊர்வலம். தாய்மாமன் சீர் போகிறது. தட்டுத் தட்டாகப் பழம், வெல்லம், பட்டு, ஒரு பித்தளை அண்டா, மாலை போட்ட ஓர் ஆட்டுக்கிடா, கொட்டு, வெடி. கிடாவுக்கு வெடிச் சத்தம் பிடிக்கவில்லை. நடுச்சாலையில் கால் ஊன்றி நின்றுவிட்டது. அதன் விருப்பத்துக்கு மாறாக யாரும் எதுவும் செய்யத் தயாராக இல்லை.

"அண்ணே, கெடாவ மட்டும் ஓரங்கட்டச் சொல்லுங்க, ஆபீசு போகணும்" என்று ஒரு பயணி நடத்துநரிடம் முறையிட்டார்.

"மாப்ள, மாமன் சீரு. நாளைக்கு உம் புள்ளைக்குக் காது குத்துறப்ப நீ சந்துக்குள்ளயா போவ?"

எங்கள் பக்கம் காதுகுத்தினால் குழந்தை மட்டும்தான் அழும். இங்கே ஒரு பஸ் நிறைய ஆள் அழ வேண்டியிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது பயிற்சி தொடங்கிவிட்டது. தாமதமாக வருகிறவர் முன்னால் வந்து பாட வேண்டும் என்பது விதி. கிடா, மாமன், சீர் எல்லாவற்றையும் சொன்னேன். செல்வநாயகம் சார், "பாட்டு" என்றார். கடுப்பில் தொண்டை திறந்து எங்கள் ஊர் நடவுப் பாட்டு ஒன்றைப் பாடிவிட்டேன். மழைக் கைதட்டல், அதற்கு மேல் ரயில் கைதட்டல். சார் மகிழ்ந்துபோய், கடைசி நாள் பெரிய அதிகாரி வரும்போது மாதிரி வகுப்பு எடுக்கப் போவது நான்தான் என்று அறிவித்துவிட்டார். நன்றாக எடுத்தால் மாவட்டக் கருத்தாளராக என்னைச் சிபாரிசு செய்வாராம். கற்பித்தலுக்கு ஆள் எடுக்கும் முறை இதுதான்: தாமதமாக வர வேண்டும், குரல் நன்றாக இருக்க வேண்டும்.

ஆனாலும் எனக்கு ஆசை வந்தது என்பதை மறைப்பானேன். கருத்தாளர் ஆனால் மேலிடத்தில் நாலு பேரைப் பார்க்கலாம், நாலு பேரைக் கேட்கலாம். மரத்தில் ஒட்டுவதைவிட அது வேகமான வழி என்று நினைத்தேன்.

நாலாம் நாள் களப்பயணம். நேரடியாகக் குழந்தைகளைக் கவனிக்கும் நாள். எங்களை ஒரு வேனில் ஏற்றி, ஊருக்கு வடக்கே சமவெளிக்குள் கொண்டுபோனார்கள். இரண்டு பக்கமும் கரும்பு. மழை ஏமாற்றிய வருஷம் என்றாலும் கிணறு இருக்கிறவர் தோட்டம் பச்சையாக நின்றது. வழியில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று, வேன் நகர இடம் தராமல் முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டு போனது. எங்கள் ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கரும்பை ஜன்னல் வழியே எட்டி உருவினார். பிறகு இன்னொன்று. டிராக்டருக்குப் பின்னாலேயே நாங்கள் பொறுமையாகப் போனதற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. தாமரைக் குழுவும் ரோஜா கேட்டவர்களும் கரும்பு கடித்தபடி சமாதானமானார்கள்.

பள்ளிக்குப் போனால் பூட்டு. வேப்பமரத்தடியில் சத்துணவு அம்மாள் ஒருவர் மட்டும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், தம் வீட்டுக்கு.

"புள்ளைக எங்கம்மா?" என்றார் செல்வநாயகம் சார்.

"லீவு விட்டாச்சு சார்."

"ஏன்?"

"டீச்சரும் சாரும் இல்லையே. அம்புட்டுப் பேரும் டிரெய்னிங்கு போயிருக்காக."

"எங்க?"

"மதுரைக்குத்தேன்" என்றார் அந்த அம்மாள், எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தபடி.

வேனின் பின்வரிசையிலிருந்து இரண்டு பேர் மெல்ல இறங்கி வந்தார்கள். அவர்கள்தான் அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள். களப்பயணம் எந்த ஊருக்கு என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. தங்கள் ஊர்ச் சாலை தெரிந்த பிறகும், சார் ஏற்பாட்டை மீறிப் பேசக் கூடாது என்று அவர்களும் சொல்லவில்லை. சாவி அவர்களிடம்தான் இருந்தது. திறந்து காட்டினார்கள். காலி வகுப்பறையை உற்றுக் கவனித்துக் குறிப்பு எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

ஆகவே ஐந்தாம் நாள் மாதிரி வகுப்புக்குக் குழந்தைகள் இல்லை. அழைத்துவர நேரமும் இல்லை. "நீங்களே குழந்தைகளா உக்காருங்க" என்று சார் முடிவெடுத்தார்.

குழந்தையாக நடிக்கச் சொன்னால் ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஒரே குழந்தைதான் தெரிகிறது. நீட்டி முழக்கி வணக்கம் சொல்கிறது, "டீச்சர் இவன் கிள்றான்" என்கிறது, கேள்வி கேட்டால் கூட்டமாகப் பதில் சொல்கிறது. தானாக எதுவும் கேட்பதில்லை. அரங்கில் பாய்கள் விரித்திருந்தன. ஒவ்வொரு பாய்க்கும் ஒரு பெயர்ப் பலகை. மூலையில், தூணுக்குப் பின்னால் இருந்த பாயில் 'மெல்லக் கற்போர்'.

பெரிய அதிகாரி சொன்ன நேரத்துக்கு வெகு நேரம் கழித்து வந்தார். அவரைப் பாடச் சொல்லவில்லை. நாற்காலியில் அமர்ந்ததும் விசில் ஊதியது. பாடம், காய்கறிகள். நான் கூடையிலிருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்துக் காட்டினேன்.

"இது என்ன?"

"கத்தரிக்காய் டீச்சர்" என்று அரங்கம் முழங்கியது. அதிகாரி திருப்தியாகத் தலையாட்டினார்.

தனியாக ஒருவரைக் கேட்க வேண்டும் என்பது கையேட்டில் உண்டு. முன்வரிசையில் சுபத்ரா உட்கார்ந்திருந்தார். எங்கிருந்தோ ஒரு சிவப்பு ரிப்பன் பிடித்து நரை ஓடிய முடியில் கட்டியிருந்தார். கத்தரிக்காயை அவரிடம் நீட்டினேன்.

அவர் எழுந்து கைகட்டி நின்று, சௌராஷ்டிரத்தில் ஒரு சொல் சொன்னார். கத்தரிக்காய்க்கு அவர்கள் வீட்டுப் பெயர்; அதைத் தப்பில்லாமல் இங்கே எழுதிக் காட்ட எனக்குத் துணிவில்லை. மூன்றாம் வரிசை வாயைப் பொத்திக்கொண்டது.

"தமிழ்ல சொல்லு, பாப்போம்" என்றேன். கையேட்டில் அப்படித்தான் இருந்தது.

அதே சொல், அதே முகம். இன்னும் ஒருமுறை கேட்டேன். இந்த முறை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

செல்வநாயகம் சார் பக்கவாட்டிலிருந்து நெருங்கி வந்தார். என் காதில் மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கழுத்தில் தொங்கிய மைக்கில் சொன்னார்: "நேரத்த வீணாக்காதீங்கம்மா. அந்தப் புள்ளைய அந்தப் பாய்க்கு அனுப்பிருங்க. மெல்லக் கற்போர்."

அவருக்கு அது நடிப்பு என்பதே மறந்துவிட்டது. இத்தனை வருஷ சர்வீஸில் கை அந்தப் பாயைக் காட்டிக் காட்டிப் பழகியிருக்கிறது. நாற்பது வயது ஆசிரியை, பட்டம் வாங்கியவர், ரிப்பன் கட்டிக்கொண்டு எழுந்து, எல்லோரையும் தாண்டி நடந்து தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். அதிகாரி தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

நான் அடுத்த காய்க்குப் போக வேண்டும். வெண்டைக்காய் கையில் தயாராக இருந்தது. நன்றாக முடித்தால் நான் மாவட்டக் கருத்தாளர்.

தூணோரம் பார்த்தேன். சுபத்ரா மடியில் கையை வைத்து, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடிப்பா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நாகவேணியின் கை எப்படி இருக்கும் என்று நான் அவரிடம் சொன்னதில்லை.

வெண்டைக்காயைக் கூடையில் போட்டுவிட்டு, கத்தரிக்காயோடு போய் அந்தப் பாயில் உட்கார்ந்தேன். "உங்க வீட்ல இதுக்கு என்ன பேரு?"

சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். மூன்றாம் வரிசை வெடித்துச் சிரித்தது, தப்பாகச் சொல்லியிருக்கிறேன். சுபத்ரா நிமிர்ந்து, "அப்பிடி இல்ல" என்று மறுபடி சொன்னார். மறுபடி தப்பு. செல்லூர் ஆசிரியைகள் பாயை விட்டு எழுந்து வந்து ஆளுக்கொரு பக்கம் எனக்குச் சொல்லித்தர ஆரம்பித்துவிட்டார்கள். "எங்க வீட்ல பைங்கன்" என்றார் பர்தா அணிந்த ஓர் ஆசிரியை. "நாங்க தெலுங்குல 'வங்காய'ன்னு சொல்லுவோம்" என்றார், நாலு நாளாக வாயே திறக்காத கோவில்பட்டிப் பக்கத்து சார் ஒருவர். சங்கம் வைத்த ஊரில் ஒரு கத்தரிக்காய்க்கு இத்தனை பெயர் இருப்பது நாலு நாள் குழு விவாதத்தில் வெளிப்படவில்லை. எனக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த அரங்கிலேயே மிக மெதுவாகக் கற்றுக்கொண்டிருந்தவள் நான்தான். எல்லோரும் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

விசில் ஊதியது.

"இந்தச் செயல்பாடு கையேட்டுல இல்லையேம்மா" என்றார் செல்வநாயகம் சார், கோபமில்லாமல், உண்மையான வருத்தத்தோடு.

அதிகாரி எழுந்து கருத்துரைத்தார். வகுப்பில் சத்தம் அதிகம். ஆசிரியர் மெல்லக் கற்கும் ஒரே மாணவியிடம் அளவுக்கு மீறி நேரம் செலவிட்டதால் நன்றாகக் கற்போர் கவனிக்கப்படவில்லை. மொழித்தூய்மை பேணப்படவில்லை. மாவட்டக் கருத்தாளராக ரோஜா கேட்டவர்களில் ஒருவர் தேர்வானார். அவருக்கும் குரல் நன்றாகத்தான் இருக்கும்.

பிறகு சான்றிதழ், பிறகு குழுப் படம். படத்துக்குப் பின்னணியாகக் கேள்வி மரம். அந்த ஐந்து நாளில் அது நன்றாகவே தழைத்திருந்தது. ஓர் இலையும் உதிரவில்லை. பதில் எப்போது என்று கேட்டேன்.

"நேரம் ஆயிருச்சேம்மா. இதெல்லாம் அடுத்த பயிற்சியில வரும்" என்றார் செல்வநாயகம் சார். மரத்தைக் கவனமாகச் சுருட்டினார். மடிக்கக் கூடாது அல்லவா.

சிம்மக்கல் வரை சுபத்ரா கூட வந்தார். ரிப்பனை இன்னும் அவிழ்க்கவில்லை; நானும் சொல்லவில்லை. பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் கெட்டியாக இருந்தது. எங்கள் ஊர்க் காபியைக் காட்டிக்கொடுப்பதாக இருக்கும் என்பதால் எவ்வளவு நன்றாக இருந்தது என்று எழுதவில்லை.

"உன் வேலைய நான்தான் கெடுத்தேன்" என்றார்.

"ஏங்க்கா அப்படிச் செஞ்சீங்க?"

"மதுரையில அந்தப் பிரச்சினையே இல்லைன்னாருல்ல. இருக்குன்னு காட்டலாம்னு பாத்தேன். அந்தப் பாயில போயி உக்காருவேன்னு நெனைக்கல." டம்ளரைக் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தார். "திங்கக்கிழம கிளாசுக்குப் போகணும். யாரையும் முட்டி போடச் சொல்ல வாய் வராதுன்னுதான் நெனைக்கிறேன். பாப்போம்." பஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் வந்து, "அந்தப் புள்ள பாஷையில ஒண்ணுக்குக்கு என்னான்னு கேட்டு வச்சுக்க மொதல்ல. சரி, போயிட்டு வா" என்றார்.

திங்கட்கிழமை. மதுரையில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று தலைமையாசிரியர் கேட்டார். கைதட்டக் கற்றுக்கொடுத்தார்கள் என்றேன். பயிற்சியில் கொடுத்த பெரிய சார்ட்டை எடுத்துப்போய், சுவரில் அவர் நீலச் சாயத்தில் எழுதியிருந்த வரியின்மேல் சரியாகப் பொருந்தும்படி மாட்டினேன். பயிற்சிப் பொருள்களை வகுப்பறையில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு.

பையிலிருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்தேன். வகுப்பு தானாக "கத்தரிக்காய் டீச்சர்" என்றது. தெரியும் என்றேன். எனக்குத் தெரியாத பெயர் ஒன்று இதற்கு உங்கள் வீட்டில் இருக்கிறதாமே என்று சொல்லி, கோவில்பட்டி சாரிடம் கற்றதை ஒப்பித்தேன். "வங்காய்."

முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும். நான் மறுபடி, இன்னும் உறுதியாக, "வங்காய்" என்றேன். தஞ்சாவூர் நாக்கு, காயைக் கண்டால் அதற்கு மேல் நீளாது.

மூன்றாம் வரிசையில் நாகவேணி கையிலிருந்து கண்ணை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். இவ்வளவு பெரிய டீச்சருக்கு இதுகூட வரவில்லையா என்கிற பார்வை.

"வங்காய" என்றாள்.

"வங்காய்" என்றேன்.

அவள் எழுந்து வந்து என் கையிலிருந்த கத்தரிக்காயைத் தொட்டாள். எனக்குப் புரியவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். என் வாயையே பார்த்தபடி இன்னொரு முறை சொல்லித்தந்தாள், துண்டு துண்டாக, அவசரப்படாமல், மெல்லக் கற்கிற பிள்ளைக்குச் சொல்வதுபோல.

"வங்... கா... ய."